சமூக உணர்வுள்ள உறுப்பினரின் ஒரே கேள்வி

செம்பூரில் 'தாய் சேய் நச்சுயிரி ஆய்வு நிலையம்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே எல்லாம் இருந்தன. ஏசி இருந்தது, லிஃப்ட் இருந்தது, லிஃப்டில் ஏறி இறங்க விஞ்ஞானிகள் இருந்தார்கள். அந்த வருஷம் அங்கே குறைந்துபோனது ஒன்றே ஒன்றுதான். சமூக உணர்வு.

அது இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். முழுகித்தான் விடும். விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடத்தில் நெறிமுறைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானமே தெரியாத 'சமூக உணர்வுள்ள உறுப்பினர்' ஒருவர் வெளியிலிருந்து வந்து உட்கார வேண்டும், அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகரக்கூடாது என்று அந்த நிலையத்தில் விதி. இத்தனை நாள் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் திடீரென்று மகள் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று வாஷிக்குப் போய்விட்டார். சமூக உணர்வும் அவரோடு துறைமுக லைன் ரயிலேறிப் போய்விட்டது. குழு கூட முடியவில்லை. கூண்டுகளில் கர்ப்பமாயிருந்த கினிப்பன்றிகள் ஆராய்ச்சி எதுவும் இல்லாமல் சும்மா கர்ப்பமாயிருந்தன.

நிர்வாக அதிகாரி பத்ரிநாராயணன் கவலையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே டெம்போவிலிருந்து கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் இசக்கிராஜ். தாராவியில் காய்கறிக் கடை வைத்திருப்பவன். நிலையத்து விலங்குகளுக்குக் கேரட், முட்டைக்கோஸ் சப்ளை அவன்தான்.

"ஏம்ப்பா இசக்கிராஜ், உனக்குச் சமூக உணர்வு உண்டா?"

இசக்கிராஜ் வெலவெலத்துப் போனான். "அப்படில்லாம் ஒண்ணும் கெடையாது சார். காலையிலதான் வாஷி மார்க்கெட்ல எடுத்தேன். சந்தேகம்னா ஒண்ண ஒடச்சுப் பாருங்க."

பத்ரிநாராயணன் விஷயத்தைச் சொன்னார். வந்து உட்கார வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், டீயும் பிஸ்கட்டும் உண்டு. கேரட் கொடுக்கிறவனுக்குக் கினிப்பன்றியின் நலனில் இல்லாத அக்கறையா என்றும் கேட்டார்.

வேறு சமயமாக இருந்தால் இசக்கிராஜ் இந்த வம்பு லஃப்டாவே வேண்டாம் என்று டெம்போவைக் கிளப்பியிருப்பான். ஆனால் அவன் மனைவி ஸ்ரீதேவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்போடு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. சயானில் பார்த்த டாக்டர், இது ஒரு வைரஸ், சில சமயம் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் காதைக் கெடுத்துவிடும், சில சமயம் ஒன்றும் செய்யாது என்றார். "எங்களுக்கு எந்தச் சமயம் டாக்டர்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களைத்தான் கேக்கணும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று.

ஆய்வு நிலையத்தின் வாசலிலோ பெரிய எழுத்தில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: 'தாய்க்கு வந்த காய்ச்சல் சேயை என்ன செய்யும்?' கேள்வியை வாசலிலேயே எழுதி வைத்திருப்பவர்கள் பதிலை உள்ளே வைத்திருக்கமாட்டார்களா என்று இசக்கிராஜ் நினைத்தான். நல்ல மனுஷன், அப்படித்தான் நினைப்பான்.

"வாறேன் சார்" என்றான்.

முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். தாடி மட்டும் காடாய் மண்டிக் கிடந்தது. மனைவி கர்ப்பமாயிருக்கும்போது புருஷன் சவரம் செய்யக்கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, எறும்பைக்கூட அறிந்து கொல்லக்கூடாது என்பது அவன் அக்கா இசக்கியம்மாளின் உத்தரவு. கடையில் எலிப்பொறிகூட வைப்பதில்லை. தாராவி எலிகளுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கோஸில் பாதியை அவைதான் தின்றன.

இயக்குநர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் தலைமை. மாட்டுங்காவாசி, சங்கீத சபாவில் முன்வரிசைக்காரர். கூட்டத்தின் முதல் விஷயம், கர்ப்பிணிக் கினிப்பன்றிகளின் மனநிம்மதிக்கு என்ன சங்கீதம் போடுவது என்பது. ஒருவர் வீணை என்றார். ஒருவர் புல்லாங்குழல் என்றார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஷெனாய்தான் மங்களம் என்று மேஜையைத் தட்டினார். டீ ஆறி, ஆடை கட்டி, மறுபடி டீ வந்தது. கடைசியில் காலையில் கர்நாடகம், மாலையில் ஹிந்துஸ்தானி என்று ஒருமைப்பாட்டோடு முடிவாயிற்று. கைதட்டினார்கள். இசக்கிராஜும் தட்டினான்.

"வேறேதாவது உண்டா?" என்று இயக்குநர் கேட்டதும் எழுந்து நின்றான். 

"சார், மூணாம் மாசத்துல தடிப்புக் காய்ச்சல் வந்தா, பெறக்கப்போற பிள்ளைக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பேஷ்! இதுதான் ஸார் கேள்வி! இந்த நிலையமே இந்தக் கேள்விக்காகத்தான் இருக்கு. எந்தக் கூண்டு?"

"கூண்டு இல்ல சார். எங்க வீட்ல. என் சம்சாரம்."

எல்லாரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். இயக்குநர் வருத்தத்தோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது விலங்குக் குழு மிஸ்டர் இசக்கிராஜ். மனுஷாளைப் பத்தி இங்கே பேசப்படாது. அதுக்குன்னு மனித நெறிமுறைக் குழு இருக்கு. ரெண்டாவது மாடி. இப்போ கூடப்போறது, போங்கோ."

இசக்கிராஜ் படியேறிப் போனான். லிஃப்டில் அதே ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். பத்ரிநாராயணன் பெயர்ப் பலகைகளை மட்டும் திருப்பி வைத்தார்.

"சொல்லுங்கோ, நீங்க யாரு?" என்றார் இயக்குநர்.

"இப்பத்தான கீழ பாத்தோம் சார்!"

"அது வேற குழு."

இசக்கிராஜ் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மார்பில் கைவைத்துக்கொண்டு பேசினார்.

"கர்ப்பிணிகளோட பாதுகாப்பு எங்களுக்கு உயிருக்குச் சமானம். அதனாலதான் அவாளை எந்த ஆராய்ச்சியிலயும் சேக்கறதில்லை. எந்த மருந்தையும் அவாளுக்குக் குடுத்துப் பாக்கறதில்லை. எந்தக் கேள்வியும் அவாளைக் கேக்கறதில்லை. இத்தனை வருஷத்துல எங்களால ஒரு கர்ப்பிணிக்கு ஒரு கெடுதல் வந்ததுன்னு யாராவது விரல் நீட்டட்டும் பாப்போம்! கெடுதல் என்ன, எதுவுமே வந்ததில்லை."

"அப்ப நான் யாரத்தான் கேக்கது சார்?"

"கர்ப்பம் சம்பந்தப்பட்டதெல்லாம் விலங்குக் குழுதான் பாக்கும்" என்றார் இயக்குநர். "கீழ் மாடி."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸ்ரீதேவிக்குப் பாதி புரிந்தது. "பெருச்சாளிக்குப் பாட்டு போடுதாவளா? கெட்டிக்காரங்கதான், பதில் சொல்லுவாங்க, பொறுங்க" என்றாள். பிறகு வழக்கம்போல எவர்சில்வர் டப்பாவை வயிற்றருகே வைத்துக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். பிள்ளை அசைந்தது மாதிரி இருந்தது. அசையாதது மாதிரியும் இருந்தது.

சித்திரையில் கினிப்பன்றிகளுக்கெனத் தனிப் பிரசவ வார்டு திறந்தார்கள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ரிப்பன் வெட்டினால் விசேஷமாக இருக்கும் என்று இயக்குநருக்கு யோசனை உதித்தது. சமூக உணர்வுள்ள உறுப்பினர் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே! ஸ்ரீதேவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். இயக்குநரையே நேரில் கேட்டுவிடலாம் என்று ஆசை. ஆனால் உள்ளே வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளை விடக்கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. விதியை மீறவும் கூடாது, விழாவும் நடக்க வேண்டும். ஆகவே ரிப்பனைக் கொண்டுவந்து வெளி கேட்டில் கட்டினார்கள். அவள் ரோட்டில் வெயிலில் நின்று வெட்டினாள். மற்ற எல்லாரும் உள்ளே போனார்கள். ஒலிபெருக்கி மட்டும் வெளியே கேட்டது.

"பெரியோர்களே!" என்றது இயக்குநரின் குரல். "பதினோரு வருஷம் நாங்கள் சுண்டெலியை வைத்து ஆராய்ந்தோம். முடிவில் ஒரு மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தோம். சுண்டெலி, பெண் அல்ல! சுண்டெலியின் நஞ்சுக்கொடி வேறு, பெண்ணின் நஞ்சுக்கொடி வேறு. இந்த வித்தியாசத்தை இவ்வளவு துல்லியமாக நிரூபித்தவர்கள் நாட்டிலேயே நாங்கள்தான். இனி கினிப்பன்றி. அது எவ்வளவு தூரம் பெண் அல்ல என்பதை அடுத்த பத்தாண்டுகளில் உலகத்துக்குச் சொல்வோம்!"

வெளியே வந்தவர் ஸ்ரீதேவிக்கு நினைவுப்பரிசு கொடுத்தார். கண்ணாடிச் சட்டமிட்ட படம். நிறைமாதக் கினிப்பன்றி ஒன்று கேரட் கடித்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கார்க்கதவு சாத்திவிட்டது.

"இத எங்க மாட்டுதது?" என்று கேட்டாள் ஸ்ரீதேவி. டெம்போவில் வீடு வரும்வரை அழுதாள்.

வைகாசியில்தான் அவன் கையெழுத்துப் போட வேண்டிய தாள் வந்தது. இளம் விஞ்ஞானி டாக்டர் பரீஹா, தாராவியில் வளர்ந்த பெண், இசக்கிராஜைத் தனியாக அழைத்துப்போய்க் கண்ணாடி வழியாகக் காட்டினாள். கினிப்பன்றிகள் குட்டி போட்டிருந்தன. குட்டிகள் கண் திறந்து, முடியோடு, பிறந்த அன்றே நடந்துகொண்டிருந்தன.

"அண்ணா, ஸ்ரீதேவி பாபிக்கு வந்த மாதிரி வைரஸ்தான் இந்த அம்மாங்களுக்கும் குடுத்தோம். இப்ப குட்டிங்களுக்குக் காது கேக்குதான்னு மெஷின் வெச்சுப் பாக்கணும். நீங்க கேட்டீங்கள்ல, அதேதான். அப்புறம் அதுங்கள..." என்று நிறுத்தினாள். "வலிக்காம முடிச்சிருவோம். அதுக்குத்தான் உங்க சைன்."

இசக்கிராஜ் பேனாவைக் கையில் வாங்கினான். குட்டி ஒன்று அவன் கொடுத்த கேரட்டைத்தான் தின்றுகொண்டிருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னால முடியாதும்மா. வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா. நான் ஒரு உசுர எடுக்கதுக்குக் கை வெக்கக் கூடாது."

செய்தி இயக்குநர் அறைக்குப் போயிற்று. இதோ மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று இசக்கிராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இயக்குநர் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்காத்துலயும் விசேஷமா! எனக்குத் தோணவே இல்லையே. ரிப்பன் வெட்டினாளே, கவனிச்சேன்... ஆனா கவனிக்கலை. இதோ பாருங்கோ இசக்கிராஜ், உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன, நெருள்ல என் பொண்ணு மானசாவுக்கு ஏழாம் மாசம். என் ஆம்படையா ஷ்யாமளா, 'கொழந்தை நல்லபடியாப் பொறக்கற வரைக்கும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேளோ, பாத்துக்கோங்கோ'ன்னுட்டா. பத்ரிக்கு மாட்டுப்பொண்ணு முழுகாம இருக்கா. அந்தப் பெரியவர் ஏன் வாஷிக்கு ஓடினார்னு நெனச்சேள்? அவர் பொண்ணும் அப்படித்தான். விஞ்ஞானம் வேற, ஆத்துக்காரியம் வேற இல்லையோ? அதுக்காகத்தான் விதியிலேயே வெளியாள் ஒருத்தர் போடணும்னு சேத்தோம்."

"அதுக்கு நான்தான் கெடச்சனா சார்?"

"தப்பா எடுத்துக்கப்படாது. உங்க பக்கத்துல கோயில் கொடைக்குக் கெடா, கோழின்னு வெட்டுவேளே, உங்களுக்கு தோஷம் அவ்வளவா ஒட்டாதுன்னு நெனச்சோம்."

இசக்கிராஜுக்குச் சுள்ளென்று வந்தது. நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இயக்குநர் அடுத்ததாக ஒன்று சொன்னார். "நீங்க போட்டேள்னா ஒரே மாசத்துல உங்க கேள்விக்குப் பதில் வந்துடும். போடலேன்னா, பதில் இல்லை. நான் என்ன பண்ணட்டும்?" வந்த நாலு வார்த்தையையும் இசக்கிராஜ் விழுங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தாராவி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"வேண்டவே வேண்டாம்ல" என்றாள் இசக்கியம்மாள். "வாயில்லா சீவன். அதும் தாயும் பிள்ளையுமா இருக்கத எழுதிக் குடுத்துக் கொல்லுவியா? அந்தப் பாவம் எங்க வந்து நிக்கும் தெரியுமா?"

"தெரியும் மதினி" என்றாள் ஸ்ரீதேவி. "எனக்குத் தெரியாமலா? ஆனா நீங்க ராத்திரி தூங்குதிய. நான் டப்பாவத் தட்டிக்கிட்டுக் கெடக்கேன். எம்பிள்ளைக்கு நான் தாலாட்டுப் பாடுனா கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கேக்காதுன்னாலும் சரி, இப்பமே சொல்லிட்டா நான் மனசத் தேத்திக்கிடுவேன்." கணவன் பக்கம் திரும்பினாள். "போட்டுருங்க. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

இசக்கியம்மாள் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சுடலைமாடன் படத்தின் மேல் மாட்டினாள். மறுநாள் இசக்கிராஜ் போய்க் கையெழுத்துப் போட்டான்.  பத்ரிநாராயணன் அந்தத் தாளை விரல் படாமல் கோப்போடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு இசக்கிராஜ் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீதேவி ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தாள்.

"சொன்ன தேதியில் சொன்னபடி காரியம் நிறைவேறியது" என்று இயக்குநர் அறிக்கையைப் படித்தார். "குட்டிகளின் எடை, நீளம், கல்லீரல், நஞ்சுக்கொடி, எல்லாம் துல்லியமாகப் பதிவாகியுள்ளன."

"காது சார்?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "காது கேக்கறதான்னு பாக்கற மெஷின் இன்னும் வரலை. டெண்டர்ல இருக்கு."

இசக்கிராஜ் எழுந்துவிட்டான். "மெஷின் வரலையா? அப்ப குட்டிங்க?"

"அதான் முடிஞ்சுதே."

"காது பாக்காமலேயா?"

"தாள்ல தேதி போட்டு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கேள்! அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் வெச்சிருந்தாலும் நெறிமுறை மீறல்."

பரீஹா தலைநிமிராமல் பேசினாள். "நான் தேதியத் தள்ளிப்போடச் சொன்னேன் அண்ணா. புது ஷீட் வேணும்னுட்டாங்க."

"புதுத் தாள்னா மறுபடி உங்க கையெழுத்து" என்றார் இயக்குநர் கனிவோடு. "உங்களை ரெண்டு தரம் பாவத்துல இழுக்க எனக்கு மனசு வரலை."

இசக்கிராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டான். கடைசியாக ஒன்று தோன்றியது. "காலையிலயும் சாயங்காலமும் பாட்டு போட்டீங்களே சார். அந்தப் பாட்டுக்குக் குட்டிங்க திரும்பிப் பாத்துச்சா? அதையாவது யாராவது பாத்தீங்களா?"

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பத்ரிநாராயணன் பழைய நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினார். "பாட்டுப் போடத்தான் குழு அனுமதி குடுத்திருக்கு" என்றார். "பாக்கறதுக்குக் குடுக்கலை."

இசக்கிராஜ் வெளியே வந்து கேட்டருகே ரொம்ப நேரம் நின்றான். தலைக்கு மேலே மூன்று மொழிகளிலும் கேள்வி பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஸ்ரீதேவியிடமிருந்து ஃபோன் வந்தபோது, "மீட்டிங் இன்னும் முடியலட்டி" என்று பொய் சொன்னான். அழுகையாக வந்தது. அந்தக் குட்டிகளை நினைத்துத்தான் முதலில் அழுதான்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. மூக்கும் முழியுமாக, கையும் காலுமாக, பார்க்கிறவர் கண்பட்டுவிடும் போலிருந்தது. காது சோதனைக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அது தீபாவளி தாண்டித்தான். இசக்கியம்மாள் தம்பியைச் சவரம் செய்துகொள்ளச் சொன்னாள், இனி எலிப்பொறியும் வைக்கலாம் என்றாள். இசக்கிராஜ் தாடியை எடுத்தான். பொறி வைக்கவில்லை.

சதுர்த்திப் பிள்ளையாரை மண்டல் பந்தலுக்குக் கொண்டுவரும் ஊர்வலம் அவர்கள் சந்து வழியாகத்தான் வரும். ஆவணியில் ஒரு சாயங்காலம் வந்தது. டோல், தாஷா மேளங்களோடு நூறு பையன்கள் இருப்பார்கள். சந்து இரண்டாளுக்கு மேல் ஒதுங்க இடமில்லாதது. தகரக் கூரை அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் நடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின. சுவரில் மாட்டியிருந்த கினிப்பன்றிப் படம் சாய்ந்தது.

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு சமத்து பாரு!" என்றாள் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி. "இந்தச் சத்தத்துலயும் முழிக்கல்லியே!"

ஸ்ரீதேவி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். அப்போது அவன் ஃபோன் அடித்தது. இயக்குநர்.

"இசக்கிராஜா? சந்தோஷமான சேதி! மானசாவுக்குப் பிள்ளை பொறந்திருக்கான், ஒரு குறையும் இல்லை. எல்லாம் நீங்க போட்ட கையெழுத்தோட புண்ணியம், நான் போடாம தப்பிச்சேன். இன்னொண்ணு, உங்க கேள்வியை அடுத்த கூட்டத்துல முதல் விஷயமா போட்டாச்சு. இந்தத் தடவை குரங்கு. குரங்குதான் பெண்ணுக்கு ரொம்பக் கிட்டத்துல வரதாம். உங்காத்துலயும் பிரசவம் ஆயாச்சு, இனிமே கையெழுத்துக்குத் தடை ஒண்ணும் இல்லையே? என்ன அங்கே சத்தம்? காது கிழியறது! சின்னக் கொழந்தை பயந்துக்காதோ?"

இசக்கிராஜ் தொட்டிலைப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான். "தூங்குது."

"பேஷ், பேஷ்!" என்றார் இயக்குநர். "குடுத்து வெச்சவா நீங்க."